சனிக்கிழமை அசனம்

ஆகஸ்டு மாதக் கடைசியில் எங்கள் இல்லத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு செய்திகள் வரும். ஒன்று, கடல் கடந்து தொலைபேசியில் வரும் அம்மாவின் குரல்: "கொடி ஏற்றியாயிற்று. இந்த வருஷமும் நீங்கள் மட்டும் இல்லை." மற்றொன்று, வேலிக்கு அப்பாலிருந்து வரும் பக்கத்து வீட்டு மூதாட்டியின் குரல்: "முதல் ஆட்டம் நெருங்கிவிட்டது. நாற்காலிகளைத் துடைத்து வைத்தீர்களா?" முதற் செய்திக்கு நெடுநாள் வரை நாங்கள் சரியான பதில் சொன்னதில்லை. இரண்டாவதற்கு மட்டும் தவறாமல் சொல்லி வந்தோம். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை வாசக அன்பர்களுக்கு எழுதலாம் என்று எண்ணுகிறோம்.

நாங்கள் குடியிருப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் என்னும் நகரில். 2010 ஆம் ஆண்டு கோடையில், ஐந்து வயது மகனோடு, பிழைப்பின் நிமித்தம் இங்கு வந்து சேர்ந்தோம். நகருக்கு வடபுறத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சிலுவைச் சபையைச் சார்ந்த எட்வர்ட் சொரின் என்னும் பிரெஞ்சுக் குரு 1842 இல் நிறுவிய கத்தோலிக்கக் கல்விக்கூடம் அது. அதன் தலைமைக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மெய்யான பொற்றகடு போர்த்தி, உச்சியில் மாதா சுரூபத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஆயினும் அமெரிக்கப் பாமர மக்கள் அதன் பெயரை அறிந்திருப்பது கல்வியின் பொருட்டன்று, கால்பந்தாட்டத்தின் பொருட்டே.

கால்பந்து என்றதும் நம்மூர்த் திடல்களில் உருளும் பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பந்து இரு முனையும் கூரியது. அதில் கால் படுவது அபூர்வம். கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடிகாரக் கணக்கில் அறுபது நிமிட ஆட்டம், மூன்றரை மணி நேரம் வரை நடக்கும். முதலாண்டு முழுவதும் எங்களுக்கு அது, ஒருவரையொருவர் முட்டித் தள்ளிவிட்டு உடனே கூடி நின்று ஆலோசனை செய்யும் ஒரு விசித்திரமான சண்டையாகவே தோன்றிற்று. ஆகஸ்டு முடிவிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து நவம்பர்க் கடைசி வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றுள் ஆறு அல்லது ஏழு சொந்த மைதானத்தில் நடைபெறும்.

இவையொன்றும் அறியாமல்தான் 2010 செப்டம்பர் 4 ஆம் நாள் காலையில், மளிகைச் சாமான் வாங்க நாங்கள் காரை எடுத்தோம். எடுக்க முடியவில்லை. எங்கள் வாசலை மறித்து எவருடையதோ ஒரு வண்டி நின்றது. தெரு முழுவதும் வண்டிகள்; பக்கத்து வீட்டுப் புல்வெளியிலும் வண்டிகள். சினத்தோடு அங்கே சென்றோம். எழுபது வயதை நெருங்கிய ஒருவர் கரியடுப்பின் முன் நின்று தடித்த இறைச்சிக் குழல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். முறையீட்டைப் பொறுமையாகக் கேட்டார்.

"அது என் மருமகனின் வண்டி. இப்போதே எடுக்கச் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு நீங்கள் வெளியே போனால் இருட்டும்வரை திரும்பி வர முடியாது. போகட்டும், சாப்பிட்டீர்களா?"

அந்நிய நாட்டில் கால் வைத்த இரண்டு மாதங்களில் எங்களிடம் அக்கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவரே. மளிகைக் கடைக்கு நாங்கள் போகவில்லை.

இந்நாட்டில் இதனை 'டெயில்கேட்' என்பார்கள். வண்டியின் பின்கதவு என்று பொருள். பிக்கப் வண்டியின் பின்கதவைக் கீழே சாய்த்தால் அது ஒரு மேசை போலாகும். அதன்மேல் பாத்திரங்களைப் பரப்பி, ஆட்டம் தொடங்குமுன் உற்றாரும் அறிமுகமற்றோரும் கூடி உண்பது வழக்கம். மைதானத்தைச் சுற்றியுள்ள திடல்களிலெல்லாம் இது நடக்கும். எங்கள் அயலாரின் வீடு மைதானத்துக்கு நடைதூரத்திலேயே இருந்தமையால் அவருடைய பழைய நீலநிற பிக்கப் வண்டி புல்வெளியிலேயே நிற்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்த எங்களுக்கு அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. அசனம் என்றே அன்றிரவு பேசிக்கொண்டோம்.

அவர் போலந்து நாட்டு வழிவந்தவர். மனைவியைப் பேரப்பிள்ளைகள் 'புஷா' என்று அழைப்பார்கள். இப்பகுதிப் போலந்துக் குடும்பங்களில் பாட்டிக்கு அதுதான் பெயர். எங்கள் மகனும் இரண்டாம் ஆட்டத்திலேயே புஷா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். நாங்களும் அவ்வாறே அழைத்தோம்.

பெரியவரின் தகப்பனார் இந்நகரின் ஸ்டூடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். 1852 இல் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டிகள் செய்து, பின்னர் மோட்டார் வண்டிகளால் பெயர் பெற்ற நிறுவனம் அது. 1963 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்குச் சில நாட்கள் முன்பாக, இங்கு வண்டி செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்த நம் பெரியவரும் அவர்களில் ஒருவர். 1960 இல் 1,32,000-க்கு மேலிருந்த நகரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 1,03,000 அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இன்னும் தொலைவுக்கும் சென்றனர். பெரியவரின் உடன்பிறந்தோர் நால்வரில் ஒருவர்கூட ஊரில் தங்கவில்லை. அவருடைய மூத்த மகன் ஓஹையோவில். மகள் சிகாகோ அருகில்.

"கிறிஸ்மஸுக்கு வரச்சொன்னால் பனி என்பார்கள். ஈஸ்டருக்கு வரச்சொன்னால் சம்பந்தி வீடு என்பார்கள். ஆட்டத்துக்கு யாரையும் நான் அழைப்பதேயில்லை, எல்லாரும் வந்துவிடுகிறார்கள்" என்று அவர் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

இதில் நாங்கள் வியந்த செய்தி யாதெனில், அக்குடும்பத்தில் ஒருவரேனும் நோட்டர் டேமில் படித்தவரல்லர். இருப்பினும் அவர் வாயில் அது எப்போதும் 'எங்கள் கல்லூரி' தான். இப்படிப்பட்டவர்களைச் 'சுரங்க ரயில் முன்னாள் மாணவர்' என்று அக்காலத்தில் கேலியாகவும் அன்பாகவும் அழைத்தார்களாம். நியூயார்க் நகரில் ஆட்டம் நடந்தபோது சுரங்க ரயிலேறி வந்து ஆரவாரித்த ஏழைத் தொழிலாளருக்கு இட்ட பெயர். 1920-களில் அயர்லாந்து, போலந்து, இத்தாலி நாடுகளிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கு இந்நாட்டில் மதிப்பில்லை. இந்தியானாவில் கத்தோலிக்கரையும் கறுப்பின மக்களையும் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் வலுவோடிருந்தது. 1924 மே மாதம் இதே சவுத் பெண்டில் அக்கூட்டத்தாரும் பல்கலைக்கழக மாணவரும் தெருவில் மோதிக்கொண்டனர். அவ்வாண்டுப் பருவத்தில் நியூட் ராக்னி என்னும் பயிற்சியாளரின்கீழ் அணி ஒரு தோல்வியுமின்றி ஆடி, 1925 புத்தாண்டு நாளில் ஸ்டான்ஃபோர்ட் அணியை 27-10 என்று வென்று நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பெரியவரின் தகப்பனார் அப்போது சிறு பையன். கல்லூரி வாசலை மிதியாத குடும்பத்துக்குக் கல்லூரி கிடைத்தது அப்படித்தான்.

ஆட்ட நாள் காலையில் பெரியவர் முதலில் செல்லுமிடம் கெபி. லூர்து நகர்க் குகையின் சாயலில் 1896 இல் வளாகத்துக்குள் கட்டியது. பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும் அணிந்த கூட்டம் அங்கே வரிசையில் நின்று மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்க்கலாம். வெற்றிக்காக வேண்டலாமா என்று எங்கள் மகன் கேட்டபோது, "அந்தப் பக்கத்திலும் மாதாவின் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஒருவருக்கும் கால் முறியாதிருக்க வேண்டிக்கொள்" என்றார். பின்னர் வளாகப் புல்வெளியில் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்னும் கத்தோலிக்கச் சங்கத்தார் அறப்பணிக்காக விற்கும் இறைச்சி ரொட்டி. அதன்பின் வாத்தியக் குழுவின் இசை. நூலகத்தின் நெடிய சுவரில் 1964 இல் அமைத்த இயேசுவின் மாபெரும் சித்திரம், இரு கைகளையும் உயர்த்தியவாறு மைதானத்தை நோக்கி நிற்கிறது. பந்து எல்லைக்கோட்டைக் கடந்ததும் நடுவர் காட்டும் சைகையும் அதுவே என்பதால் மாணவர்கள் அதற்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்டபோது எங்களுக்குச் சற்று அருவருப்பாகத்தான் இருந்தது. இப்போது பழகிவிட்டது. ஆட்டம் முடிந்தபின் திரு இருதயப் பேராலயத்தில் ஞாயிறு கடனுக்கான மாலைத் திருப்பலி உண்டு. தொண்டை கட்டிய குரல்கள் பாடுவதைக் கேட்பது ஒரு தனி அனுபவம்.

குடும்பத்துக்கு இருந்தவை இரண்டே அனுமதிச் சீட்டுகள். அவற்றைப் பெரியவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. எந்த ஆட்டத்துக்கு எந்த இருவர் என்று ஒரு பட்டியல் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவார். தம் பெயரை ஒரே ஒருமுறைதான் எழுதுவார். எஞ்சியோர் வண்டியருகே அமர்ந்து வானொலியில் கேட்க வேண்டும். 2012 ஆம் ஆண்டுப் பட்டியலில், அக்டோபர் 13 க்கு நேரே எங்கள் இருவர் பெயரும் இருந்தது.

மழையில் நனைந்தபடி நாங்கள் பார்த்த ஆட்டம் அது. 1930 இல் ராக்னியின் காலத்தில் திறந்த மைதானம். அந்நாளில் 80,000 பேருக்குமேல் இடம். நான்காம் பகுதி தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஒரு காவல்துறை அதிகாரி பேசினார். அத்தனை கூட்டமும் மூச்சடக்கியது. டிம் மெக்கார்த்தி என்னும் அவர் 1960 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒவ்வோர் ஆட்டத்திலும், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்பது போன்ற எச்சரிக்கை ஒன்றைச் சிலேடையோடு முடித்துச் சொல்லி வந்தவர். சிலேடை காளமேகத்தின் தரத்தில் இருந்ததென்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்நகைச்சுவைக்கு எல்லாரும் ஒருங்கே முனகியதைக் கேட்டபோது அது ஒரு குடும்பத்தின் முனகலாகவே பட்டது. அன்று ஸ்டான்ஃபோர்ட் அணியை எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னே தடுத்து நிறுத்தி, கூடுதல் நேரத்தில் 20-13 என்று வென்றார்கள். அருகிலிருந்த முன்பின் அறியாத ஒரு பெண்மணி எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். திரும்பி வந்தபோது மகன் புஷாவின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான்.

அசனத்துக்கு எங்கள் பங்கு மிளகுக் கோழி. முதலில் தயக்கத்தோடு ஒரு சிறு சட்டியில் கொண்டு போனோம். நாளடைவில் பதினைந்து பேருக்குச் சமைக்க வேண்டியதாயிற்று. பேரப்பிள்ளைகள் கண்ணீர் வடித்துக்கொண்டே தின்பார்கள்.

குறைகளும் இல்லாமலில்லை. அந்நாட்களில் மதுவின் பெருக்கத்தைக் கண்டு முகம் சுளித்திருக்கிறோம். பணத்தின் ஆதிக்கமும் கூடிவருகிறது. 2021 முதல் ஆட்டக்காரர் தம் பெயரைக்கொண்டு பொருளீட்டலாம் என்றும், 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆகிவிட்டது. உழைப்பவனுக்குக் கூலி என்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மாணவனென்றும் தொழிலாளியென்றும் பிரிக்க முடியாத நிலை மனத்தை உறுத்துகிறது. இவற்றைவிடப் பெரியது உடலுக்கு வரும் கேடு. திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியால் மூளை சிதையும் நோயை, இறந்த பழைய ஆட்டக்காரர் பலரிடம் மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். 2019 இல், பதினான்கு வயதில், பள்ளி அணியில் சேர வேண்டும் என்று எங்கள் மகன் கேட்டான். மறுத்தோம். ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பெரியவரிடம் போய் முறையிட்டான். அவர் தன் பக்கம் பேசுவார் என்று நம்பியிருந்தான்.

"என் மகன் பள்ளியில் ஆடினான். ஒருநாள் இரவு முழுவதும் தன் பெயரை மறந்துபோய் உட்கார்ந்திருந்தான்" என்றார் பெரியவர். "அன்றைக்கு நான் தடுக்கவில்லை. உன் அப்பாவும் அம்மாவும் என்னைவிடப் புத்திசாலிகள்." அவ்வளவு நேசிக்கும் ஆட்டத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்லுவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அதுவே அவருடைய கடைசிப் பருவம். 2020 ஜனவரியில் உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே மகனுக்கும் மகளுக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. சீட்டு யார் பெயருக்கு மாற வேண்டும் என்பது காரணம். வெளியிலிருந்து பார்த்தால் அற்பம்; இரண்டு காகிதத் துண்டு. ஆயினும் தகப்பன் விட்டுச்சென்றது அவ்வளவே எனும்போது எது அற்பம்? இருவரும் பேச்சை நிறுத்திவிட்டனர்.

அவ்வாண்டு கொரோனாக் காலம். மைதானத்துக்குள் ஐந்திலொரு பங்கு கூட்டத்தை மட்டும் அனுமதித்தார்கள். அதுவும் பெரும்பாலும் மாணவரும் ஊழியரும். எங்கள் தெருவில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. செப்டம்பரில் முதல் ஆட்ட நாளன்று காலை, சன்னல் வழியே நாங்கள் பார்த்தோம். புஷா தனியாக வெளியே வந்தார். பழைய பிக்கப் வண்டியின் பின்கதவை இரு கையாலும் சிரமப்பட்டுச் சாய்த்தார். அதன்மேல் வானொலியை வைத்துவிட்டு, ஒரு நாற்காலி போட்டு அமர்ந்தார். நாங்கள் எங்கள் நாற்காலிகளை வேலியின் இப்புறத்தில், ஆறடி தள்ளிப் போட்டுக்கொண்டோம். மிளகுக் கோழிச் சட்டியை வேலிக்கம்பத்தின்மேல் வைத்துவிட்டு விலகி நிற்க, அவர் வந்து எடுத்துக்கொண்டார். அதிகம் பேசவில்லை.

2021 ஆகஸ்டில் மகனும் மகளும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, முதல் ஆட்டச் சீட்டு யாருக்கு என்று கேட்டார்களாம். "வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 11 ஆம் நாள், டொலிடோ அணியோடு ஆட்டம். இருவரும் குடும்பத்தோடு வந்தார்கள். ஒருவர் புல்வெளியின் இந்த மூலையில், மற்றவர் அந்த மூலையில். குளிர்பெட்டிக் கதவில் புஷாவின் கையெழுத்தில் பட்டியல் ஒட்டியிருந்தது. முதல் ஆட்டத்துக்கு நேரே மகனின் பையன் பெயரும் மகளின் பெண் பெயரும். இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் காணாத பிள்ளைகள். கைகோத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். பெற்றோர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் மகன் பெயர் நவம்பரில் இருந்தது.

அன்றைய ஆட்டத்தை வழக்கமான தொலைக்காட்சியில் காட்டவில்லை. இணையத்தில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே. ஆகவே பழைய வானொலியே கதி. அதன் ஒலி குறைவு. எளிதில் வெல்வார்கள் என்று நினைத்த ஆட்டம் இழுபறியாயிற்று. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் டொலிடோ 29-24 என்று முந்திவிட்டது. மூலையில் நின்ற மகன் கேட்பதற்காக ஓரடி நெருங்கினார். பிறகு இன்னோரடி. கடைசியில் வண்டிக் கதவின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் தங்கை, நடுவே வானொலி.

வானொலிச் சொல் சில விநாடி பிந்தி வரும். ஆகவே, மைதானத்தின் திசையிலிருந்து பெருமுழக்கம் முதலில் வந்தது. என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது; ஆனால் நல்லதென்று தெரிந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, சொல் வந்து சேரும்வரை நின்றார்கள். ஜாக் கோன் எறிந்த பந்தை மைக்கேல் மேயர் பிடித்து எல்லைக்கோட்டைக் கடந்திருந்தார். முடிவு 32-29. அந்த எறிக்குச் சற்று முன் கோனின் விரல் மூட்டு விலகியதென்றும், ஓரத்தில் நின்ற உதவியாளர் அதை இழுத்துப் பொருத்தி அனுப்பினாரென்றும் யாரோ கைபேசியைப் பார்த்து வாசித்தார்கள்.

"அப்பா இருந்திருந்தால் இந்த விரலைப் பற்றியே கிறிஸ்மஸ் வரை பேசியிருப்பார்" என்று தங்கை, எவரையும் நோக்காமல் சொன்னார்.

"ஈஸ்டர் வரை" என்றார் அண்ணன்.

அவ்வளவே. கட்டித் தழுவவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. சீட்டு வழக்கு என்னவாயிற்று என்று நாங்களும் விசாரிக்கவில்லை. ஆனால் ஒரே சட்டியிலிருந்து இருவரும் கோழியை எடுத்துக்கொண்டதைப் பார்த்தோம். புஷா தலையைத் திருப்பிக்கொண்டு கரியைக் கிளறினார்.

அன்றிரவு வீடு திரும்பியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. செப்டம்பர் 8, மாதா பிறப்புத் திருநாள், எங்கள் ஊர்த் திருவிழா, மூன்று நாட்களுக்குமுன் கடந்துபோயிருந்தது. அம்மாவை அழைக்கவே மறந்திருந்தோம். மனத்தாங்கல் ஒன்றுமில்லை, வழக்கும் இல்லை. விடுப்பு இல்லை, பயணச் செலவு, மகனின் பள்ளி என்று பதினொரு வருஷம் ஓடிவிட்டது. அடுத்த ஆண்டும் ஓடிற்று.

2023 ஆகஸ்டில் மகனை வேறு மாநிலத்துக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நேரே விமானமேறினோம். கொடியேற்றத்துக்கு முதல்நாள் ஊர் சேர்ந்தோம். எண்பது கடந்த அம்மா வாசலில் நின்று, "சாப்பிட்டீர்களா?" என்றார்கள். கொடிமரம் புதிதாக இருந்தது. தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தவை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. சென்னையிலிருந்தும், பெங்களூரிலிருந்தும், வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எவரும் எவரையும் அழைத்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 2, சனிக்கிழமை இரவு, நவநாள் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இலையில் சோறு விழுந்த நேரம் கைபேசி ஒலித்தது. மணி ஒன்பதரை, சவுத் பெண்டில் நண்பகல். அன்று டென்னசி ஸ்டேட் அணியோடு சொந்த மைதானத்தின் முதல் ஆட்டம். பின்னணியில் பேரப்பிள்ளைகளின் கூச்சலும், எவரோ வண்டிக் கதவைத் தட்டி ஓசை எழுப்புவதும் கேட்டன.

"கதவைச் சாய்த்தாயிற்று. நாற்காலிகளை விரித்தாயிற்று" என்றார் புஷா. "நீங்கள் மட்டும் இல்லை."

பக்கத்து இலையிலிருந்து அம்மா, யார் என்று கண்ணால் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி என்றோம். அம்மா சற்று யோசித்துவிட்டு, "அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்" என்றார்கள்.